சாக்கடைத் தண்ணீர் மாடி ஏறுகிறது!

குளித்த தண்ணீர் எங்கே போகிறது? துணி துவைத்த தண்ணீர் எங்கே போகிறது?

குழாயில் தண்ணீர் வரும்வரை எல்லோருக்கும் கவலை. வந்த தண்ணீர் சாக்கடையில் ஓடி மறைந்துவிட்டால், கவலையும் அதோடு மறைந்துவிடுகிறது.

2019-ம் ஆண்டு கோடையில் சென்னை நகரம் தவியாய்த் தவித்தது. ஏரிகள் வறண்டன. லாரி எப்போது வரும் என்று பெண்கள் குடங்களோடு காத்துக் கிடந்தார்கள். ஜூலை மாதம் 12-ந் தேதி, ஜோலார்பேட்டையில் இருந்து தண்ணீர் ரெயில் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர்!

அதே நாளில் அதே நகரத்தின் சாக்கடைகளில் அதைப்போல் பல மடங்கு அழுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ரெயில் தேவை இல்லை. லாரியும் தேவை இல்லை. அது வீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

அந்தத் தண்ணீரை அங்கேயே பிடித்து, சுத்தம் செய்து, மறுபடியும் மாடிக்கு ஏற்ற முடியுமா?

முடியும். அதற்கு ஒரு யந்திரம் இருக்கிறது. நாலைந்து கார்கள் நிற்கும் இடம் அதற்குப் போதும். "எம்.பி.ஆர்." என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அடுக்குமாடி வீடுகளிலும், ஓட்டல்களிலும், ஆஸ்பத்திரிகளிலும் இப்போது இதை வைக்கிறார்கள்.

கக்கூஸில் ஒன்றரை லாரி

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும். இது கட்டிட விதிகள் போடும் கணக்கு. அதில் 45 லிட்டர், கக்கூஸில் ஊற்றுவதற்கே போய்விடுகிறது.

100 வீடுகள் உள்ள ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 400 பேர். அவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 54,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் சுமார் 43,000 லிட்டர் அழுக்குத் தண்ணீராகக் கீழே இறங்கும். கக்கூஸுக்கு மட்டும் ஆகும் செலவு 18,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஒன்றரை லாரி!

காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கி, அதைக் கக்கூஸில் கொட்டுகிறார்கள். இது ஒரு நாள் கூத்து அல்ல. தினமும் நடக்கிறது.

கிருமிகள் செய்யும் வேலை

அழுக்கைச் சுத்தம் செய்வது யந்திரம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் 1914-ம் ஆண்டிலேயே இந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அழுக்குப் போய்விட்டது, சரி. கிருமிகளை எப்படிப் பிரிப்பது? இன்னொரு பெரிய தொட்டியில் தண்ணீரை அசையாமல் விட்டு, வண்டல் படியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு நிறைய இடம் வேண்டும். மனைக்கட்டு விற்கும் விலையில் அந்த இடத்துக்கு எங்கே போவது?

இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஒரு சவ்வு. 1960-களில் அமெரிக்காவில் சவ்வைத் தொட்டிக்கு வெளியே வைத்து, தண்ணீரை வேகமாகத் தள்ளி வடிகட்டினார்கள். கரண்டு செலவு தாங்கவில்லை. 1989-ல் ஜப்பானைச் சேர்ந்த பேராசிரியர் யமாமோட்டோவும் அவருடைய குழுவினரும் சவ்வைத் தொட்டிக்கு உள்ளேயே முக்கிவிட்டார்கள். செலவு குறைந்தது.

பார்ப்பதற்கு இந்தச் சவ்வு சேமியாக் கட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு நூலும் ஒரு மெல்லிய குழல். குழலின் சுவரில் நுண்ணிய துளைகள். ஒரு துளையின் அளவு, தலைமயிரின் பருமனில் பல நூறில் ஒரு பங்குதான். பம்பு உறிஞ்சும்போது தண்ணீர் உள்ளே போகும். அழுக்கைத் தின்னும் கிருமிகள் வெளியே நின்றுவிடும். அதனால் பழைய தொட்டியைப்போல் மூன்று மடங்கு கிருமிகளை ஒரே இடத்தில் வைத்து வேலை வாங்கலாம். தொட்டி சிறியதாகிவிட்டது. வண்டல் தொட்டிக்கு வேலையே இல்லை.

வெளியே வரும் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். ஆனாலும் குடிக்கக் கூடாது. கரைந்த உப்பு சவ்வில் நிற்காது. குளோரின் கலந்து, தனிக் குழாயில் கக்கூஸுக்கும் செடிகளுக்கும் விடலாம். அந்தக் குழாய் எந்த இடத்திலும் குடிநீர்க் குழாயோடு சேரக்கூடாது.

நியூயார்க்கில்...

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் "சோலேர்" என்று 27 மாடி வீடு ஒன்று இருக்கிறது. 2003-ல் திறந்தார்கள். அந்தக் கட்டிடத்துக்கு அடியில் இந்தச் சவ்வு யந்திரம் இருக்கிறது. தினமும் 95,000 லிட்டர் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் கக்கூஸுக்கும், ஏர்கண்டிஷன் யந்திரத்தின் குளிர்விப்புக்கும், பக்கத்துப் பூங்காவுக்கும் போகிறது.

அங்கே யந்திரத்தைப் பார்த்துக்கொள்வதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு. தண்ணீரை இப்படித் திரும்ப உபயோகிக்கும் கட்டிடங்களுக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் நகராட்சி 25 சதவிகிதம் தள்ளுபடி கொடுக்கிறது. யந்திரம் நன்றாக ஓடினால் வீட்டுக்காரர்களுக்கே லாபம்.

சுவிட்சை அணைத்தால்?

நம் நாட்டில் பெரிய கட்டிடங்களுக்குச் சுத்திகரிப்பு யந்திரம் வேண்டும் என்று விதி இருக்கிறது. கட்டுகிறவர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு அது குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுகிறது.

சங்கத்தின் கண்ணில் முதலில் படுவது கரண்டு பில். பெரிய நிலையங்களிலேயே 1,000 லிட்டருக்குச் சுமார் 1 யூனிட் ஆகிறது. சிறிய யந்திரத்துக்கு இன்னும் கூடும். 100 வீட்டுக் கட்டிடத்துக்கு நாளைக்கு 40 யூனிட்டுக்குக் குறையாது.

"ராத்திரியில் எதற்கு இதை ஓட்ட வேண்டும்?" என்று யாராவது கேட்பார். காற்று ஊதும் மோட்டாரை அணைப்பார்கள். காற்று இல்லாமல் கிருமிகள் சாகும். நாற்றம் கிளம்பும். காற்றுக் குமிழிகள்தான் சவ்வின் மேல் படியும் அழுக்கையும் உதிர்க்கின்றன. அவை நின்றால் சவ்வு அடைத்துக்கொள்ளும். கடைசியில், கழிவுநீரை அள்ளிக்கொண்டு போக லாரி வரும். மிச்சம் பிடித்த பணம் லாரிக்காரருக்குப் போகும்.

இதில் குற்றம் சங்கத்தின் மேல் மட்டும் இல்லை. வக்கீலும் பாங்கு குமாஸ்தாவும் மாலை நேரத்தில் கூடி நடத்துகிற சங்கம் அது. கிருமிகளை வளர்க்க அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பெங்களூரில் 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அந்த ஆண்டு கர்நாடக சர்க்கார் இன்னொன்றும் செய்தது. அடுக்குமாடிக் கட்டிடங்கள் தாங்கள் சுத்தம் செய்த தண்ணீரில் பாதியை வெளியே விற்கலாம் என்று அனுமதித்தது. அபராதத்தைவிட இதுதான் நல்ல யோசனை. கக்கூஸுக்குப் போக மிஞ்சுகிற தண்ணீர் சாக்கடைக்கு ஓடாமல் கட்டிட வேலைக்குப் போகும். கரண்டு பில்லுக்கும் பணம் வரும்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. வறுத்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவது, சீவிய முடியையும் துணியையும் கக்கூஸில் போடுவது — இவை இரண்டும் சவ்வுக்குப் பெரிய எதிரிகள்.

உள்ளே இறங்காதே!

சவ்வை மருந்துத் தண்ணீரில் அவ்வப்போது கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டலையும் எடுக்க வேண்டும். இங்கேதான் ஆபத்து.

மூடிய தொட்டிக்குள் விஷவாயு இருக்கும். ஒருவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கிச் சுத்தம் செய்யும் கொடுமையை ஒழிக்க 2013-ல் சட்டம் வந்தது. இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

நல்ல முறையில் அமைத்த யந்திரத்தில் ஆள் இறங்க வேண்டியதில்லை. சவ்வுக் கட்டை மேலே இருந்தே சங்கிலி போட்டுத் தூக்கிவிடலாம். அதற்குக் கூரையில் ஒரு இரும்புச் சட்டமும், "செயின் பிளாக்" என்ற கப்பியும் வேண்டும்.

புது வீடு வாங்கப் போகிறவர்கள் லிப்டைப் பார்க்கிறார்கள். மாடித் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். சமையல் அறையில் பலகைக் கல் என்ன நிறம் என்று பார்க்கிறார்கள். அடித்தளத்துக்குப் போய், தொட்டிக்கு மேலே அந்தக் கப்பி தொங்குகிறதா என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?