குளத்தின் அடியில் ஒரு நடை

தூண்டில் போடும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பத்து வருடமாக ஒரே குளத்தில் மீன் பிடிக்கிறார்களே, அந்தக் குளத்தின் அடி எப்படி இருக்கும் என்று. "அந்த மூலையில ஒரு மரம் கிடக்குது, அங்கதான் லூர் மாட்டும்" என்பார்கள். மரம் என்று யார் பார்த்தது? எல்லாம் தூண்டில் கயிறு சொன்ன கதைதான். வானொலியில் பேசும் எனக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும். நாங்களும் முகம் தெரியாத நேயர்களை நோக்கித்தானே தினமும் எறிந்துகொண்டிருக்கிறோம்!

கடந்த மாதம் அந்தக் கதையை நேரில் சரிபார்க்க ஒரு வாய்ப்பு. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிள்ளானில் இருந்து லோரி ஓட்டும் அண்ணன் அழைத்தார். "தம்பி, பூச்சோங் குளத்துல தண்ணிய இறைக்கிறாங்க. மூணு நாள்தான் காஞ்சு கிடக்கும். பூட்ஸ் இருந்தா எடுத்துட்டு வா."

அது ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குட்டை. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனையோ உண்டு. சன்வே நகரமே பழைய சுரங்க நிலத்தில்தான் நிற்கிறது. ஸ்ரீ கெம்பாங்கானில் படகு விடுகிற மைன்ஸ் ஏரி, முன்பு ஹோங் ஃபாட் ஈயச் சுரங்கம். நான் சொல்லும் குட்டை அவ்வளவு பெரியதில்லை, பாதி தூர்ந்துபோனது. கட்டணம் வாங்கிக்கொண்டு மீன் பிடிக்க விடுகிறார் தவுக்கே. கரையில் கசிவு ஏற்பட்டதால், அடைப்பதற்காக நீரை இறைத்திருந்தார்.

மூலையில் கிடந்த 'மரம்' மரமே இல்லை. சுரங்கக் காலத்து இரும்புக் குழாய்! அதைச் சுற்றி 19 லூர்கள் மாட்டிக்கொண்டு கிடந்தன. அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றி, "இது 35 வெள்ளி, இது 40 வெள்ளி" என்று அடுத்தவர் நஷ்டத்தைக் கணக்குப் போட்டார்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் தந்தது நடுக்குளம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தோள் வலிக்க நடுவில்தான் எறிவார்கள். ஆழம் அங்கே, பெரிய மீனும் அங்கே என்று நம்பிக்கை. நடுவில் இருந்தது கஞ்சி மாதிரி சேறு மட்டும். கல் இல்லை, கட்டை இல்லை, ஒளிய ஒரு நிழல் இல்லை. கிழக்குக் கரையில், நிற்கிற இடத்திலிருந்து ஆறேழு அடியில், சரளை மண் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு இறக்கம். அதன் மேல்தட்டு முழுக்கத் தாம்பாளம் தாம்பாளமாகக் குழிகள். திலாப்பியா முட்டையிடத் தோண்டியவை. சின்ன மீன் குடியிருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தால், பெரிய மீன் எங்கே காத்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

நீங்களும் இப்படி ஒரு காய்ந்த குளத்தைப் பார்க்க நேர்ந்தால், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கைத்தொலைபேசியின் வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் மட்டும் போதாது. சின்னக் குளத்தில் சில மீட்டர் தவறினாலும் தவறியதுதான். கட்டையின் மேல் நின்று கரையைப் பாருங்கள். முன்னால் ஒரு விளக்குக் கம்பம், அதற்கு நேர் பின்னால் ஒரு தென்னை. பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் உங்களுடையது. கடலோடிகள் காலங்காலமாகச் செய்வது இதுதான். கரையில் பழைய நீர்மட்டம் கறையாகத் தெரியும். அங்கிருந்து எத்தனை அடி கீழே என்றும் எழுதி வையுங்கள்.

தனியாக மட்டும் போகாதீர்கள். சுரங்கக் குட்டையின் சேறு மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே கூழாக இருக்கும். கம்பால் குத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி. எலி மூத்திரக் காய்ச்சல் என்ற ஒன்றும் இருக்கிறது. காலில் புண்ணோடு வெறுங்காலில் இறங்குவது வேண்டாம்.

இரண்டாம் நாள் மாலை, தண்ணீர் ஒரு பெரிய கூடத்தின் அளவுக்குச் சுருங்கியது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் ஊரே ஊத்தாவோடு இறங்குமே, அந்த மீன்பிடித் திருவிழா ஞாபகம் வந்தது. இங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒரு வலை, ஆறு தொட்டிகள். திலாப்பியா, கெளுத்தி, நாலு பெரிய தோமான், சேற்றுக்குள்ளிருந்து இரண்டு ஹருவான். ஹருவான் வேறு யாருமில்லை, நம் விரால்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு இந்த நாட்டில் எந்த இனத்தவரும் சூப் வைத்துக் கொடுக்கும் மீன். மீதித் தொட்டிகளில் நிறைந்திருந்தவை பீகாக் பாஸ். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை, வாலில் மயில் கண் போல ஒரு பொட்டு.

எல்லாரும் ஆசைப்படும் மீன் அதுதான். அடித்தால் கம்பு வளையும். ஆனால் பெயரில்தான் பாஸ். உறவுமுறையில் திலாப்பியாவுக்குச் சொந்தம், ஊர் தென் அமெரிக்கா. இங்கே 1990களில் வந்து குட்டைகளில் பரவிவிட்டது. தானாக நடந்து வரவில்லை. நம்மைப் போன்றவர்கள்தான் வாளியில் எடுத்துப் போய் விட்டோம்.

அண்ணனும் அதைத்தான் நினைத்தார். "ஆறு மீனை மட்டும் உயிரோட எடுத்துக்கிறேன் தம்பி. வீட்டுப் பக்கத்துக் குட்டையில விட்டா ரெண்டு வருஷத்துல நமக்கே நமக்குன்னு ஒரு குளம்."

பனாமா கால்வாயின் நடுவில் காத்தூன் என்றொரு ஏரி. 1960களின் இறுதியில் இதே பீகாக் பாஸ் அதற்குள் புகுந்தது. அங்கே ஏற்கெனவே சாதாரணமாக இருந்த சிறு மீன் வகைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே அழிந்தோ அருகியோ போனதை ஸாரெட், பெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். "பனாமா எங்க, கிள்ளான் எங்க?" என்றார். சரி, கிள்ளானுக்கே வருவோம் என்று 2021 டிசம்பரைச் சொன்னேன். ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை வரை தண்ணீர் ஏறியதை அவர் மறக்க மாட்டார். லோரியில் அரிசி மூட்டை ஏற்றிப் போனவர். அப்படி ஒரு வெள்ளத்தில் குட்டை எது, ஆறு எது? அதன்பின் அவர் பேசவில்லை. இடையிடையே அந்தத் தொட்டியை மட்டும் எட்டிப் பார்த்தார்.

ஜப்பானில் கதையே தலைகீழ். தோக்கியோவின் இனோகாஷிரா பூங்காக் குளத்தை 2014 ஜனவரி முதல் சில குளிர்காலங்களில் வற்றவைத்தார்கள். மீன்பிடிக்கு இடம் பார்க்க அல்ல, அமெரிக்க பாஸைப் பிடித்து வெளியேற்ற! குளத்தடியில் வெயிலும் காற்றும் பட்டபின், 2016இல் அங்கே பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஒரு நீர்த்தாவரம் மறுபடியும் முளைத்தது. அத்தனை காலம் சேற்றுக்குள் தூங்கியிருக்கிறது.

அதற்காக பாஸ் பிடிக்கும் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆங்கிலத்தில் 'ஆசியக் கடல் பாஸ்' என்று பெயர் வாங்கிய மீன் நம் கரையிலேயே இருக்கிறதே! சியாக்காப், நம் தமிழில் கொடுவா. நல்ல தண்ணீரிலும் வளரும், தூண்டிலில் மாட்டினால் துள்ளும். முட்டையிட மட்டும் உப்புத் தண்ணீர் வேண்டும். எனவே குட்டையில் பெருகாது. தப்பி ஆற்றுக்குள் போனாலும் தன் வீட்டுக்குத்தான் போகிறது.

தவுக்கேயிடம் இதைச் சொன்னபோது கணக்கைக் கையில் எடுத்தார். பீகாக் பாஸ் தானே குஞ்சு பொரிக்கும், செலவில்லை. கொடுவாக் குஞ்சை ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. வாடிக்கையாளர் கேட்பது மஞ்சள் மீனை. ஒரு மணி நேரம் பேசி, ஒரு வருடம் கொடுவா போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். கட்டணம் ஐந்து வெள்ளி கூடும். தோமானும் ஹருவானும் குளத்துக்கே திரும்பும். வடிகால் குழாய்க்குக் கம்பி வலை. ஆட்கள் கூட்டம் குறைந்தால் என்ன செய்வார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அண்ணனின் ஆறு மீன்களும் ஐஸ் பெட்டியில் ஏறின. வெள்ளைச் சதை, முள் குறைவு. அண்ணி வைத்த புளிக்குழம்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள், கசிவை அடைத்தபின், மீன் ஒதுங்க மூங்கில் கட்டுகளைக் கல்லில் கட்டிக் குளத்தடியில் வைத்தோம். யாரோ பழைய டயர் போடலாம் என்றார்கள். ஃபுளோரிடாவில் 1970களில் இருபது லட்சம் டயர்களைக் கடலில் போட்டுவிட்டு இன்றுவரை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், வேண்டாம் என்றேன். மூங்கில் மக்கினால் மண்ணோடு போகும்.

இரண்டு கட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தவுக்கே தன் கடைச் சுவரில் படம் வரைந்து ஒட்டிவிட்டார். மூன்றாவது கட்டு இருக்கும் இடம் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.