கண்ணும் கல்வியும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில் மந்தபுத்தியுடையார் என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளிற் சிலருக்குக் குறை புத்தியிலன்று, கண்ணிலேயே உள்ளது.

கிட்டப்பார்வையுடைய சிறுவன் கரும்பலகை தெரியாமல் அடுத்தவன் ஏட்டைப் பார்த்தெழுதுவான். அவனைக் கண்டுகொள்ளுதல் எளிது. தூரப்பார்வைக் குறையுடையவனோ தப்பிவிடுகிறான். ஸ்நெல்லன் என்னும் டச்சு மருத்துவர் 1862இல் வெளியிட்ட எழுத்தட்டையை 6 மீட்டர் தொலைவில் நிறுத்தினால், அவன் பெரும்பாலும் கடைசி வரிவரை படித்துவிடுவான். இளங்கண்ணின் வில்லை தன்னைத் தடிப்பாக்கிக் குறையை மறைக்கின்றது. புத்தகத்தை எடுத்து அரை நாழிகை சென்றதும் எழுத்துக்கள் கலங்கும், நெற்றி வலிக்கும், வரி தவறும். சோம்பேறி என்னும் பழியும் உடன் வந்து சேரும்!

தமிழ்நாட்டரசு 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்க முற்பட்டது பாராட்டத்தக்கதே. ஆயினும், எங்கே ஆயினும், தூர அட்டையோடு சோதனையை முடித்துவிடுதல் போதாது என்பது எமது துணிபு. பாடம் படிப்பது ஒரு முழத்திற்குட்பட்ட தூரத்திலன்றோ? பிள்ளையைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியன்று, நான்கைந்து பக்கங்கள் படிக்கச் செய்து, உபாத்தியாயர் அவன் முகத்தைக் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்த்தலும் வேண்டும். ஒரு கண் மட்டும் மங்கியிருப்பதைப் பிள்ளை தானே உணர்வதில்லை, அதற்குச் சிகிச்சையோ இளமையிலேதான் நன்கு பலிக்கும்.

படிக்கத் தடுமாறுவோர் யாவருக்கும் கண்ணாடி மருந்தாகாது என்பதும் உண்மையே. அதனை மருத்துவரே தெளிவிக்கவேண்டும். கண்ணிற் சொட்டுமருந்திட்டு அளந்தாலன்றி மறைந்த குறை முழுதும் வெளிப்படாது. அண்மையிலுள்ள புதுச்சேரியிலே 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கின்றது. அவ்வட்டங்களில் உபாத்தியாயராயிருக்கும் நம் பழைய மாணாக்கர், ஐயத்திற்குரிய பிள்ளைகளின் பெற்றோரை ஆண்டுத் தேர்வுக்கு முன்னரே அங்கு செல்லத் தூண்டுவாராக.