பழைய பிக்கப்புக்குள் கார்ப்பெட் ஒட்டலாமா? துளை விழுந்த ஒரு தரை சொல்லும் பதில்

மகாராஜபுரத்தில் என் தாய்மாமாவின் தென்னந்தோப்பில் ஒரு பழைய பிக்கப் நிற்கிறது. தேங்காய், உரமூட்டை, பழுதான மோட்டார், அமாவாசைக்குச் சதுரகிரி போகிற சொந்தக்காரர்கள் என்று முப்பது வருஷமாகத் தாணிப்பாறை ரோட்டில் எல்லாவற்றையும் சுமந்த வண்டி. சில வருஷங்களுக்கு முன்னால் அதைப் புதுசு போல ஆக்கிப் பார்க்க எனக்கு ஆசை வந்தது. சீட்டுக்கு ரெக்சின், கதவுக்குப் புது பீடிங், கேபினுக்குள் சந்து பொந்து விடாமல் ஒட்டிய சாம்பல் நிற கார்ப்பெட். பணம் நான் கொடுத்தேன். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தோப்பு வண்டிக்கு எதுக்கு மாப்ள பட்டு மெத்தை?"

பதில் மூன்றாவது ஐப்பசியில் கிடைத்தது. கிளட்சை மிதிக்கப்போன மாமாவின் குதிகால், கார்ப்பெட்டோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. கிழித்துப் பார்த்தால், தகரம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே ரோடு தெரிந்தது. டிங்கர் வேலை பார்ப்பவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, துருவைப் போர்வை போத்திவிட்டு வளத்துருக்கீங்க" என்றார். தகரம் வெட்டி வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடிக்க ஆன செலவு, கார்ப்பெட்டுக்குக் கொடுத்ததைப் போல நாலு மடங்கு.

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற, உழைக்கிற பழைய வண்டிக்குத் தரையில் எதையும் ஒட்டக் கூடாது. கையால் தூக்கி வெளியே உதறுகிற மாதிரியான ரப்பர் மேட் போதும். அழகு, சத்தம், குளிர்ச்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் வேண்டும். வெறும் தகரத் தரையில் ஒரு செம்பு தண்ணீர் கொட்டினால், நம் ஊர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதே தண்ணீர் கார்ப்பெட்டுக்கும் அதன் அடியில் இருக்கிற சணல் ஃபெல்ட்டுக்கும் போனால், வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அடியில் ஈரம், ஈரத்துக்குள் ஊறுகிற அளவு காற்று. துருவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

"கடற்கரை வண்டிதானே துருப்பிடிக்கும், மலையடிவாரத்தில் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடற்கரையில் தகரத்தை அரிப்பது உப்பில் இருக்கிற குளோரைடு. தென்னைக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் என்ன? மூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. தென்னை சாம்பல் சத்தை நிறையக் கேட்கிற மரம் என்பதால், வருஷா வருஷம் மூட்டை மூட்டையாக அது தோப்புக்குள் வருகிறது. உரம் வைத்த கையோடு, அந்த மண் ஒட்டிய காலோடு வண்டியில் ஏறுகிறோம். பின்னால் இடமில்லை என்றால் பிரித்த மூட்டையே முன்சீட்டுக்காரர் காலடிக்கு வந்துவிடும். சிந்துகிற தூள் கார்ப்பெட் இழைக்குள் இறங்கி, ஈரம் பட்டதும் உப்புக் கரைசலாகித் தகரத்தில் உட்காருகிறது. கடல் எங்கேயோ இருக்கிறது. கடற்கரையின் வேலை மட்டும் வத்திராயிருப்புப் பக்கத்து வண்டிக்குள் நடக்கிறது. எங்கள் வண்டியில் ஓட்டுநர் பக்கத்தைவிட மூட்டை வைக்கிற பக்கம்தான் அதிகமாக அரித்திருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. கால் சேறு கொஞ்சம்தான். முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் இறுகி வெடித்திருக்கும். மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து நேராகத் தரைக்கு இறங்கும். கதவுக்குள் போகிற தண்ணீர் வெளியேற, அடியில் சின்னத் துளைகள் இருக்கும்; புழுதி அடைத்துவிட்டால் அதுவும் உள்ளேதான் வரும். இன்னொரு வில்லன் கிளட்ச், பிரேக் மாஸ்டர் சிலிண்டர். பெடல் பக்கம் லேசாகக் கசிகிற பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும். திறந்த தரையாக இருந்தால் பெயின்ட் உரிவது அன்றைக்கே கண்ணில் படும், வாஷர் மாற்றி முடித்துவிடலாம். கார்ப்பெட் அதை உறிஞ்சிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும். பிரேக் ஆயில் குறைகிற விஷயத்தை மூடி வைத்துக்கொண்டு மலையடிவார ரோட்டில் லோடு ஏற்றிப் போவது விளையாட்டா?

"கிளாசிக் வண்டிக்கு கார்ப்பெட் போட்டால்தானே கம்பீரம்" என்பது அடுத்த வாதம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் தரை வெறும் பெயின்ட் அடித்த இரும்பு. தண்ணீர் வடிய அதில் துளையும் மூடியும் உண்டு. அந்த வில்லிஸின் வாரிசுகளைத்தான் மகேந்திரா 1940களின் கடைசியில் இந்தியாவில் பூட்ட ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1948ல் வந்த ஃபோர்டு எஃப் வரிசை போன்ற பிக்கப்புகளிலும் சாதாரண மாடலுக்குக் கறுப்பு ரப்பர் மேட்தான். கார்ப்பெட் எல்லாம் பிக்கப்பை வீட்டுக் காராகவும் விற்கலாம் என்று கம்பெனிகள் கண்டுபிடித்த பிறகு வந்த ஆடம்பரம். நம் ஊரில் 1986ல் டாடா 407, 1988ல் டாடா மொபைல் 206 வந்தபோதும் அவை உழைக்க வந்த வண்டிகள்தான். ஆக, 'ஒரிஜினல்' வேண்டும் என்பவருக்கும் ரப்பர்தான் பொருத்தம். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்தோடு விண்டேஜ் பதிவு கொடுக்கும் விதியை மத்திய அரசு 2021ல் கொண்டு வந்தது. அது கேட்பதே பழைய வடிவம் மாறாமல் இருக்கிறதா என்றுதான். பாடி ஷெல்லில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. துருப்பிடித்துத் தரையையே வெட்டி மாற்றுகிற நிலைக்குப் போகாமல் பார்ப்பது அந்த வகையிலும் லாபம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் வேகம் குறையாமல் ஓடி மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான கனத்த ரப்பர் மேட்டை அந்தக் காரில் போட்டிருந்தார்கள். ஆக்சிலேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அதற்கடுத்த மாதம் டொயோட்டா நிறுவனம், மேட் பிரச்சினைக்காக மட்டும் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. நாம் என்ன செய்கிறோம்? மாட்டுக் கொட்டகை ரப்பர் மேட்டில் மிஞ்சிய துண்டை வெட்டி டிரைவர் காலடியில் போடுகிறோம். ஒரு விரல் கனம் இருக்கிற அது, பெடல் முழுசாக இறங்குவதையே தடுக்கும். போதாக்குறைக்குச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலில் ஓட்டுகிற பழக்கம் வேறு. திருப்பத்தில் அந்தச் செருப்பு எங்கே போய் உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, ரப்பர் என்றாலும் ஏதோ ஒரு ரப்பர் இல்லை. 3 முதல் 5 மி.மீ. கனம் போதும். மேல்பக்கம் வரி வரியாக இருந்தால் கால் வழுக்காது. பெடலை முழுசாக மிதித்து, மேட்டின் ஓரம் எங்கேயும் தொடாதபடி வெட்ட வேண்டும். இரண்டு இடத்தில் கொக்கியோ பட்டனோ வைத்துப் பிடிக்கச் செய்யுங்கள். முன்னால் நகராது, தூக்கவும் வரும். பழைய மேட்டின் மேலேயே புது மேட் போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. நூடுல்ஸ் மேட் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கழுவவும் முடியும், ஆனால் கனம். முன்சீட்டுப் பக்கம் மட்டும் போடலாம். இப்போது எல்லாக் கடையிலும் தள்ளுகிற 7டி மேட், பார்க்க நன்றாக இருக்கும். பெட்டி மாதிரி இறுக்கமாக உட்காருவதால் அடியில் ஈரம் நின்றாலும் தெரியாது. கோணிச்சாக்கு தண்ணீரைக் குடிக்கும். தென்னைநார் மேட் எங்கள் பக்கத்துச் சரக்கு, அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வீட்டு வாசலுக்கு அதை அடிக்க ஆளில்லை. வண்டிக்குள் அது மண்ணையும் உரத்தையும் அடிக்கு இறக்கிவிட்டு, மேலே சுத்தமாகக் காட்டும்.

கார்ப்பெட் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயமான ஒன்று உண்டு. பழைய டீசல் பிக்கப்பில் சத்தமும் சூடும் அதிகம். கியர்பாக்ஸ் சூடு தகரம் வழியாக ஏறி, சித்திரை மாதம் காலை வைக்க முடியாது. ரப்பர் மட்டும் போட்டால் இது முழுசாகத் தீராது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது: தண்ணீர் உறிஞ்சாத நுரை ஷீட்டை ரப்பருக்கு அடியில் ஒட்டாமல் விரிப்பது, அதன் கனத்தையும் சேர்த்துப் பெடல் இடைவெளி பார்ப்பது. கியர் லீவர் சுற்றியிருக்கிற கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றினாலே பாதிச் சூடும் சத்தமும் குறைந்துவிட்டது என்பது எங்கள் வண்டியில் கண்டது. வாரம் ஒரு நாள் கண்காட்சிக்கு எடுத்துப்போய், ஷெட்டில் மூடி வைக்கிற வண்டி என்றால் கார்ப்பெட்டே போட்டுக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

ஆனால் எதை விரிப்பதற்கு முன்னாலும் தரையைச் சரி செய்தாக வேண்டும். வயர் பிரஷ் போட்டுத் துருவைத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பது, ஓட்டை இருந்தால் தகரம் வைத்து வெல்டிங், இணைப்புகளுக்கு சீலர், பிரைமர், பிறகு பெயின்ட். அவசரத்துக்குத் துருவின் மேலேயே பட்டி போட்டு மழுப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டி ஈரத்தை இழுக்கும். அடுத்த மழைக்குக் கொப்புளம் கிளம்பும். தரையில் இருக்கிற வடிகால் துளையை வெல்டிங் வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள். ரப்பர் மூடி போட்டால் போதும், கழுவும்போது கழற்றிவிடலாம்.

மாமாவின் வண்டியில் இப்போது கறுப்பு ரப்பர் மேட் கிடக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் அவரே அதைத் தூக்கித் தென்னைமரத்தில் சாய்த்து வைத்துவிடுவார். ராத்திரியே மேட்டுக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துவிடுவது அவர் கண்டுபிடித்த யுக்தி. எந்த இடத்தில் பேப்பர் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே ஒழுகல் இருக்கிறது என்று கணக்கு. போன மழைக்கு முன்சீட்டுப் பக்க மூலையில் நனைந்திருந்தது. கண்ணாடி ரப்பர் மாற்ற ராஜபாளையம் போகணும் என்று போனில் சொன்னார். "கார்ப்பெட் போட்டுத் தர்றேன்னு மட்டும் வந்துராத மாப்ள" என்றும் சேர்த்துச் சொன்னார்.