முட்டையைக் காக்கிறோம், தாயை?



தை பிறந்ததும் டெல்டாவில் நாம் அறுவடையில் மூழ்கிவிடுகிறோம். அதே நாட்களில் கூழையாரிலும் கோடியக்கரையிலும் கடற்கரை மணலில் இன்னொரு வேலை நடக்கிறது. நம் மீனவ மக்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி, குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. வனத்துறைப் பணியாளர்கள் அவற்றின் தடம் பார்த்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள், முட்டையைப் புரட்டாமல் மாற்றவேண்டும். தாமதித்தால் ஓட்டில் ஒட்டத் தொடங்கிய கரு அசைவிலேயே இறந்துவிடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் விடும் படத்தை நாளிதழில் பார்க்க நமக்கும் மகிழ்ச்சியே!

ஆனால் முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது? நாம் கொட்டும் குப்பையைத் தேடி வரும் நாய்கள் குழியைத் தோண்டுகின்றன. கரையோர விளக்குகள் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாக ஊர்ப்பக்கம் இழுக்கின்றன. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், முட்டையிடும் பருவத்திலேயே, நாகூர் பட்டினச்சேரியில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அன்று தெருவுக்கு வந்து போராடியவர்கள் மீனவர்கள்தாம். எண்ணெய் படிந்த மணலில் முட்டைக்குள் காற்றுப் புகாது.

தாய் ஆமையின் நிலையோ இன்னும் பரிதாபம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வரமுடியாவிட்டால் மூழ்கியே சாகும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகளின் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும்! வலையில் ஆமை விலக்குக் கருவி பொருத்தலாம். ஆனால் அதன் வழியே மீனும் கொஞ்சம் தப்பும் என்று விசைப்படகுக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த இழப்பை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா? ஆமையைக் காக்க விரும்பும் அரசும் சமூகமும் அதில் பங்கு ஏற்கவேண்டும் என்பதே நம் எண்ணம்.

"இது கடலோரப் பங்குகளின் கவலை, தஞ்சைக்கு என்ன?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. வெட்டாறும் அரசலாறும் எங்கே போய்ச் சேர்கின்றன? கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் வாய்க்காலில் வீசிய பிளாஸ்டிக் டம்ளரும், நம் திருவிழா முடிந்து கிடக்கும் தண்ணீர்ப் பைகளும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. (நம் ஆலய வளாகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.)

வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்டபின் வாய்க்கால்கள் வறண்டுவிடும். கிடக்கும் குப்பையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் அது நகரத் தொடங்கிவிடும். இடையில் தவக்காலம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. சாக்கும் மண்வெட்டியும் நம் வீடுகளிலேயே உண்டு, ஆள்தான் வேண்டும்.