இடிபாடுகளில் வாழ்வோர்

மத்தியதரைக் கடலில் பாய்மரக் கப்பலேறி, ஏதென்சு நகரத்துத் தூண்களைக் கண்டு வியந்து திரும்புவோர் உளர். அந்நகரின் செல்வத்தில் லாரியம் வெள்ளிச் சுரங்கத்து அடிமைகளின் குருதி கலந்திருந்ததை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

இத்தகைய பயணிகள் நம் மலையகத்துக்கும் வருகின்றனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையில், அவர் குடியிருந்த இடத்தின் எஞ்சிய கற்களைக் காண்கின்றனர். நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், விடுதியாக மாறிவிட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கி மகிழ்கின்றனர்.

பழமையைக் காண்பதில் பிழையென்ன என்பர் சிலர். காண்பதில் பிழையில்லை, துரையின் அடுப்புக் கல்லைக் கண்ட கண், தொழிலாளியைக் காணாததே பிழை. தொண்டியிலும் பாம்பனிலும் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்தனர் நம் முன்னோர். பசியும் வாந்திபேதியும் பலிகொள்ள, புதைத்த இடமும் தெரியாது மறைந்தோர் எத்தனையோ பேர்! 2023இல், 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அவ்வழியே மீண்டும் நடந்தனர்.

கம்பளைக்கு அருகே பழைய லயன் ஒன்று தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. லயனுக்குரிய இடம் அதுவே. ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வெள்ளையர் காலத்து லயன்களில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றனர். மற்ற நாடுகளில் இடிபாடுகளை மக்கள் பார்க்கின்றனர். இங்கே இடிபாடுகளில் மக்கள் வாழ்கின்றனர்.

நாம் இரங்கலை வேண்டவில்லை. உழைத்த மண்ணில் உரிமையுள்ள நிலமும் வீடும் வேண்டுகிறோம். அவை கிடைத்த பின் எல்லா லயன்களும் அருங்காட்சியகங்களாகட்டும். அன்று நாமும் பயணிகளாகச் சென்று அவற்றைப் பார்ப்போம்!