சுருட்பின்னலும் ஆறின் கணக்கும்

சூட்டுப் பாத்திரத்தை ஈரத்துணியாற் பற்றி இறக்கும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இன்னும் இருக்கின்றது. ஈரம் சூட்டைத் தணிக்குமென்று எண்ணுகின்றோம். உண்மை அதற்கு நேர்மாறானது. உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே அடைபட்டுள்ள காற்றே சூட்டைத் தடுப்பது. அவ்விடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் விரைந்து கைக்கு வந்துவிடும். கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் என் வீட்டிலேயே இது நடந்தது. சென்ற மாதம் என் தாயார் ஈரத்துணியால் தாச்சியை இறக்க முயன்று, மூன்று விரல்கள் கொப்பளித்து, பத்து நாட்கள் தம் கையாற் பிசைந்து உண்ண முடியாதிருந்தார். நான் ஊட்ட, வெட்கத்துடன் உண்டார்.

அந்நாட்களில் ஒரு மாலை, வட்டமான பிடிதுணி ஒன்று பின்னுவதற்காகக் கொழுக்கியூசியைக் கையில் எடுத்தேன். பெட்டியில் மினுமினுப்பான அக்றிலிக் நூலும் கிடந்தது, அதை ஒதுக்கினேன். அது சூட்டில் உருகும். பருத்தி நூலே இதற்கு உகந்தது. மெல்லியதாயின் இரட்டையாகப் பிடிக்கலாம். றேந்தைபோலத் துளைகள் விழப் பின்னினால் அழகாயிருக்கும்; விரல் சுடும். ஆகவே நெருக்கமான குட்டைக் கண்ணியே வேண்டும். ஆங்கிலேயரின் நூல்களில் டபிள் குறோசே என்றும் அமெரிக்க நூல்களில் சிங்கிள் குறோசே என்றும் வருவது இதுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தால் வீணான நூலுக்குக் கணக்கில்லை.

முதல் முயற்சி தோல்வி. சில சுற்றுக்களுள் விளிம்பு மேலெழுந்து கிண்ணமாயிற்று. "ஆருக்குப் பிள்ளை தொப்பி?" என்றார் அம்மா. அவிழ்த்துவிட்டுக் கண்ணிகளைத் தாராளமாகக் கூட்டினேன். கோழிக்கொண்டைப் பூவைப்போல் அலையலையாய் மடிந்தது. கை பழகாத குறையென்றே நினைத்தேன். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் சூத்திரத்தை மடியிலிருந்த நூலுக்கு மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

வட்டத்தின் ஆரை ஓரலகு கூடினால், பரிதி ஏறத்தாழ 6.28 அலகு கூடும். குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். எனவே சுற்றொன்றுக்கு ஆறு கண்ணிகள் கூட்டினால் பின்னல் தட்டையாய்க் கிடக்கும். குறைந்தால் கிண்ணம், மிகுந்தால் அலை. அந்த அலையும் வீணன்று. கோணெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமிஞா என்ற கணித அறிஞர், 1997இல் கண்ணிகளை வேண்டுமென்றே மிகுதியாகக் கூட்டிப் பின்னி, இயூக்கிளிட்டின் கேத்திரகணிதத்துக்கு அடங்காத தளமொன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தார். எனக்கு வேண்டியிருந்ததோ பிடிதுணி.

இரண்டு சங்கிலிக் கண்ணிகள் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் ஆறு குட்டைக் கண்ணிகள் பின்னுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு பின்ன 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டொன்றில் இரண்டு, 18. நான்காவதில் மூன்றாவது கண்ணிதோறும் இரண்டு, 24. சுற்றின் முடிவை இணைக்காமல் அடுத்த சுற்றுக்குள் அப்படியே நடந்துவிடுவதே சுருட்பின்னல். இணைத்துப் பின்னினால் மையத்திலிருந்து விளிம்புவரை தழும்புபோல ஒரு கோடு தெரியும். இதில் அது இல்லை. ஆனாற் சுற்று எங்கே தொடங்கிற்று என்பதும் தெரியாது. ஆகையாற் சுற்றின் முதற்கண்ணியில் வேற்றுநிற நூல்துண்டொன்றைச் செருகிச் சுற்றுதோறும் மாற்றிவாருங்கள். சோம்பலால் இதை விட்டதே என் கணக்குத் தவறியதன் காரணம். கூட்டுமிடங்கள் ஒன்றன்மேலொன்றாய் அமைந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். அவற்றையும் இடம் மாற்றுங்கள்.

என் கையில் 16 சுற்றுக்களில் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் விட்டம் வந்தது. ஈற்றுச் சுற்றில் 96 கண்ணிகள், மொத்தம் 816. ஈற்றில் துருத்தும் படியை மறைக்க, இரண்டு கண்ணிகளில் ஊசியைக் குத்தி, நூலை வளையங்களுக்கூடாக ஒரே இழுப்பில் எடுத்து முடிக்கலாம். இவ்வாறு இரண்டு வட்டங்கள் பின்னி விளிம்பில் இணைத்தால் நடுவிலும் காற்று நிற்கும். நனைந்தால் இதுவும் ஈரத்துணிதான், காயவைத்தே எடுக்கவேண்டும்.

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல புரிமணை" என்று சொல்லிச் சாமியறைச் செம்பின் கீழே வைத்துவிட்டார். கரிபடவிட மனமில்லை. மண்ணிற நூலில் இன்னொன்று பின்னி அடுப்பருகே ஆணியில் மாட்டினேன். அதைத்தான் இப்பொழுது எடுக்கின்றார். ஈரத்துணியும் பழைய இடத்திலேதான் கிடக்கின்றது. காலையிற் கல்லூரிக்குப் புறப்படுமுன் அதை எடுத்து வெளிக்கொடியில் போட்டுவிடுகின்றேன்.