ஆயாக்களின் கதையை ஆறாம் வகுப்பு எழுதட்டும்

கமண்டல நாக நதிப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எங்கள் ஆயா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ரேணுகா தேவி பச்சை மணலில் குடம் வனைந்து தண்ணீர் மொண்ட ஆறு அது என்பாள். ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழல் தெரிந்தது, குடம் கரைந்தது, பெற்ற பிள்ளையே தாயின் தலையை வெட்டினான். படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் இன்றும் சிரசுக்குத்தான் பூஜை. நான் படித்த புத்தகங்களில் கதை இதோடு முடிந்துவிடும். தறிக்குத் தார் சுற்றியபடி ஆயா சொன்ன கதை அங்கே முடியாது. தாயோடு இன்னொரு பெண்ணும் வெட்டுப்பட்டாள், தலையும் உடலும் மாறிப் பொருந்திவிட்டன. அந்தப் பெண் அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாள், யார் சோறு போட்டார்கள் என்று கேட்டுக் கண் கலங்குவாள்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை நெய்த எங்கள் வீடுகளில் சொன்ன கதைகளுக்கு ஒரு நோட்டுகூடக் கிடையாது.

விடுதலை பெற்றுப் பதினைந்தே ஆண்டுகள் ஆன ஏழை நாடாக இருந்தபோது அயர்லாந்து இப்படிப்பட்ட வீட்டுக் கதைகளை நோட்டில் ஏற்றியது. 1937இல் அங்கே சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதை எழுதச் சொன்னார்கள். குட்டிச்சாத்தான், புனிதக் கிணறு, கைவைத்தியம், பழமொழி என எல்லாம் வந்தன. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதியவை ஏழு லட்சம் பக்கங்களைத் தாண்டின. சொன்னவர் பெயர், வயது, ஊர் வரை குறித்தார்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன.

நம்மிடம் தொகுப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பெர்சிவல் 1874இலேயே 6,000க்கு மேற்பட்ட பழமொழிகளை அச்சிட்டார், பிறகு கி.வா.ஜ. பெரிய அளவில் தொகுத்தார். ஆனால் நான் பூனைக்குட்டியைத் தூக்கி வந்த அன்று, பாவு பிணைத்துக்கொண்டிருந்த அப்பா 'நெய்கிறவனுக்கு எதுக்குடா குரங்குக்குட்டி' என்றாரே, அந்தக் கோபமும் அந்தப் பாவும் எந்தத் தொகுப்பில் இருக்கின்றன?

விசைத்தறி ஓடும் வீட்டில் பேச்சே காதில் விழாது. குழித்தறியில் உட்கார்ந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் சொல்வதை எழுதிவைக்கத் திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகள் ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு தமிழ்ப் பாடவேளையை ஒதுக்கட்டும். செங்குந்தர் தெருவோடு நின்றுவிடாமல் சௌராஷ்டிரர், தமிழ்ச் சமணரான நயினார் வீடுகளுக்கும் பிள்ளைகள் போகட்டும். பிள்ளைகள் எழுதி வருவதை ஆசிரியர்கள் செந்தமிழாக்க வேண்டாம். ஆயா 'மொண்டாந்தா' என்றால் 'மொண்டாந்தா' என்றே நோட்டில் இருக்கட்டும்.